நான்கு வினாடி முதுகு

படம் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு முதுகு வரும். சாயம் போன கைத்தறிச் சேலை, தோளில் ஒட்டுப் போட்ட ரவிக்கை, வாயைப் பொத்தியிருக்கும் கையின் முழங்கை மட்டும் பக்கவாட்டில் தெரியும். அந்த முழங்கை நடுங்கும். மொத்தம் நான்கு வினாடி. அப்புறம் கப்பல் ஊதும், காட்சி மாறிவிடும். அந்த முதுகு என் மாமியாருடையது.

சொன்னால் யாரும் நம்புவதில்லை. படத்தைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் சென்னையிலிருந்து வந்திருந்த நடிகையைத்தான் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். முகத்தைக் காட்டாமலே அழ வைத்துவிட்டார், முழங்கையால் நடித்துவிட்டார் என்றெல்லாம் எழுதினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அந்த நேரத்தில் அந்த நடிகை குடைக்குக் கீழே உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்; பத்தடி தள்ளி நின்று பார்த்தவன் நான். படத்தின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. எங்களிடம் கையெழுத்து வாங்கிய தாள்களில், வெளியே பேசக் கூடாது என்று பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நான் படிக்கவில்லை, ஆனாலும் பயம் மட்டும் இன்னும் போகவில்லை. மாமியார் போன வருடம் காலமானார். அதற்குப் பிறகு அந்த நான்கு வினாடியைக் கைப்பேசியில் எத்தனை தடவை ஓட விட்டேன் என்று என் மனைவிக்குத் தெரியாது. தெரிந்தால், "இருந்தப்ப அம்மாகிட்ட மூஞ்சி கொடுத்துப் பேசல, இப்ப மட்டும் என்னவாம்?" என்று கேட்பாள்.

நான் பஸ் ஓட்டுகிறவன். நிபோங் திபாலில் வீடு, நாற்பத்து நான்கு இருக்கையோடு சொந்தமாக ஒரு பஸ். வார நாட்களில் சிம்பாங் அம்பாட் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போவேன். சனி ஞாயிறுகளில் கல்யாணம், கோயில், காது குத்து என்று எது வந்தாலும் சரி. ஒருநாள் கோலாலம்பூரிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் போன் செய்தாள். வெளிநாட்டுப் படமொன்று பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில் எடுக்கிறார்கள், அதில் உதவி இயக்குநர் என்றாள். "அங்கிள், உங்க பஸ் வேணும். பஸ்ஸோட சேர்த்து நாப்பது பேரும் வேணும். தமிழ் ஆளுங்க. முகம் பழைய காலத்து முகமா இருக்கணும், அங்கிள்." பழைய காலத்து முகத்துக்கு நான் எங்கே போவேன்? சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். மனைவி அவள் அம்மாவிடம் சொன்னாள். எங்களோடுதான் மாமியார் இருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து உட்காருவதற்குள் கோயில் பஜனைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் தயார் என்று தகவல் வந்துவிட்டது.

என்ன கதை என்று முதலில் கேட்டவரும் மாமியார்தான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்தக் காலத்தில் ஏழை வீட்டுப் பிள்ளைகளை, படிக்க வைக்கிறோம் என்று தாய்மார்களிடம் சொல்லி வாங்கி, கப்பலில் ஏற்றிக் கடல் தாண்டிக் கொண்டுபோய் வீட்டு வேலைக்கு விட்டுவிட்டார்களாம். அதுதான் படம். நம் பினாங்கு படகுத்துறையைத் தமிழ்நாட்டுத் துறைமுகமாக மாற்றி, பிள்ளைகள் கப்பல் ஏறுகிற காட்சியை எடுக்கப் போகிறார்கள். வழியனுப்ப வந்த கூட்டமாக நாம் நிற்க வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாமியார், "சாப்பாடு உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றேன். "அப்ப சரி" என்று எழுந்து போய்விட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் மாமியாரே அப்படிக் கப்பல் ஏறி வந்தவர். ஏழு வயதில். நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து, ஊரில் செல்வாக்கான ஒரு வியாபாரக் குடும்பம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறோம் என்று அவர் அம்மாவிடம் சொல்லிக் கூட்டி வந்தது. வந்து சேர்ந்தது ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டுச் சமையலறை. பத்து வருடம் பாத்திரம் தேய்த்து, அந்த வீட்டுப் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்து, கடைசியில் நிபோங் திபால் தோட்டத்து மாப்பிள்ளை ஒருவருக்குக் கட்டிக் கொடுக்கப்பட்டார். பள்ளிக்கூட வாசலை அவர் முதன்முதலில் மிதித்தது என் மனைவியைச் சேர்க்கப் போனபோதுதான். ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை. போக நினைத்தபோது அங்கே அம்மா இல்லை. யாராவது பழைய கதை கேட்டால், "கப்பல்ல வந்தேன், பாத்திரம் கழுவினேன், கல்யாணம் பண்ணிக்கிட்டேன்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது. முப்பது வருடம் அவர் கையால் சாப்பிட்ட நானும் அதற்கு மேல் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால், படத்தின் கதையை அவரிடம் சொன்ன அந்த நேரத்தில் இது எனக்கு நினைவுக்கே வரவில்லை. அப்படிப்பட்ட மண்டை.

அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. வீட்டிலிருந்து புறப்பட்டுப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. இது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் எங்கள் வீட்டில் இது சட்டம். தவறிக் கூப்பிட்டுவிட்டால், போனவர் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். கல்யாணமான புதிதில் ஒருநாள் லைசன்ஸை மேசையில் மறந்து வைத்துவிட்டுப் பஸ்ஸை எடுத்துவிட்டேன். மாமியார் பார்த்திருக்கிறார். கூப்பிடவில்லை. அன்றைக்கென்று பார்த்துச் சாலையில் சோதனை. அபராதச் சம்மன் வாங்கிக்கொண்டு வந்து, "அத்தை, அப்பவே ஒரு குரல் கொடுத்திருக்கலாமே" என்றேன். "புறப்பட்ட மனுசனைப் பின்னால கூப்பிடச் சொல்றீங்களா மாப்பிள்ள?" என்று என்னைத்தான் குற்றவாளி ஆக்கினார். அதற்குப் பிறகு நான் எதையாவது மறந்துவிட்டுப் போனால், பின்கதவு வழியாக ஓடி, கடைசி வீட்டைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் வந்து நிற்பார். முன்னால் வந்து நின்று கூப்பிட்டால் தோஷம் இல்லையாம். ஒருநாள் சோற்று டப்பாவோடு அப்படி வந்து நின்று, நான் பிரேக் அடித்த அடியில் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் முன்னால் வந்து விழுந்தார்கள்.

படப்பிடிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்குள் தீவுக்குப் போகும் பாலத்தைத் தாண்டிவிட்டோம். பஸ்ஸில் ஒரே கும்மாளம். எல்லாருக்கும் ஆளுக்கொரு சேலை, வேட்டி கொடுத்தார்கள். கைக்கடிகாரம், மூக்குத்தி, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். கண்ணாடியைக் கழற்றிய பிறகு பாதிப் பேருக்கு யார் எங்கே நிற்கிறார்கள் என்றே தெரியவில்லை. உதவி இயக்குநர் பெண் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டாள். "அங்கிள், தப்பா நினைக்காதீங்க. கதையில இது பஞ்ச காலம். கொஞ்சம் மெலிஞ்ச ஆளுங்க கிடைப்பாங்களா?" நான் திரும்பிப் பார்த்தேன். நாற்பது பேரும் கொடுத்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, அது போதாமல் வீட்டிலிருந்து கொண்டுவந்த இட்லியையும் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். "இது நிபோங் திபால்லா, மா. இதுக்கு மேல மெலிஞ்சவங்க எங்ககிட்ட இல்ல" என்றேன். பருத்தவர்களைப் பின்வரிசைக்கு அனுப்பினார்கள். என்னையும் அனுப்பினார்கள்.

கப்பல் என்று சொன்னார்களே தவிர, அது பலகையில் அடித்துச் சாயம் பூசிய பாதிக் கப்பல். மீதியைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்வார்களாம். மாமியார் அதன் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மாப்பிள்ள, இதுல ஏறினா எதிர்க்கரை பட்டர்வொர்த் வரைக்கும்கூடப் போய்ச் சேராது" என்றார். கப்பல் ஏறப் போகிற பிள்ளையாக நடித்தவள் எட்டு வயதுச் சிறுமி, படு சுட்டி. அவள் முகத்தில் கரியும் மண்ணும் பூசி, தலையைக் கலைத்துவிட்டிருந்தார்கள். மாமியாருக்குப் பொறுக்கவில்லை. முந்தானையை நனைத்து முகத்தைத் துடைத்துவிட்டார். பையிலிருந்து சீப்பை எடுத்துச் சீவி இரட்டைப் பின்னலும் போட்டுவிட்டார். ஒப்பனைக்காரர்கள் பதறி ஓடி வந்தார்கள். "ஊர் விட்டு ஊர் போற பிள்ளையை எந்த வீட்டுல குளிப்பாட்டாம அனுப்புவாங்க? கைல இருக்கிற கடைசி எண்ணெயை அன்னிக்குத்தான் வைப்பாங்க" என்று அதட்டினார். இயக்குநர் ஒரு வெள்ளைக்கார அம்மா, அறுபது வயதிருக்கும், வெயிலில் சிவந்து போயிருந்தார். உதவி இயக்குநர் பெண் மொழிபெயர்த்ததைக் கேட்டுவிட்டு, பின்னல் அப்படியே இருக்கட்டும் என்றார். கரியை மட்டும் கொஞ்சம் திருப்பிப் பூசினார்கள்.

வினை காட்சி தொடங்கியபோது வந்தது. பிள்ளை தகரப் பெட்டியோடு பலகைப் பாலத்தை நோக்கி நடக்கும். பாதி வழியில் தாய் பின்னாலிருந்து பேர் சொல்லி அலறுவாள். பிள்ளை திரும்பிப் பார்க்கும். அப்போது கூட்டம் அழ வேண்டும். இதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டது. முதல் தடவை நடிகை அலறியபோது நாற்பது பேரில் ஒருவரும் அழவில்லை. "ஐயய்யோ!" என்று எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "கூப்பிட்டுட்டாளே!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா சத்தமாகவே சொன்னார். மாமியார் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், சிறுமியின் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, தகரப் பெட்டி மேல் உட்கார வைத்து, தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். "குடிம்மா. ஒரு வாய் குடிச்சிட்டு அப்புறம் கிளம்பு."

கட் சொன்னார்கள். விளக்கினார்கள். இது நடிப்பு, நிஜமாக யாரும் எங்கும் போகவில்லை என்றார்கள். எல்லாரும் தலையாட்டினோம். இரண்டாம் தடவையும் அதே கன்னத்தில் போடுதல், அதே "ஐயய்யோ". மாமியாரைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆளை நிறுத்தியிருந்தார்கள். ஆனால் இந்தத் தடவை பஜனைக் குழுவில் இன்னொருவர் தண்ணீரோடு கிளம்பிவிட்டார். மூன்றாம் தடவை, சிறுமியே பழகிப்போய்த் தானாக வந்து பெட்டி மேல் உட்கார்ந்து கையை நீட்டினாள். இப்படி ஒவ்வொரு தடவையும் தண்ணீர் குடித்ததில் அவளுக்கு அடிக்கடி கழிப்பறை போக வேண்டியிருந்தது. கழிப்பறையோ தெருமுனையில். அவள் போய் வர, கரி பூச, கூட்டத்தை மறுபடி நிறுத்த, காமிராவைச் சரி செய்ய என்று ஒவ்வொரு தடவைக்கும் முக்கால் மணி நேரம் ஓடியது. மதியச் சாப்பாடும் முடிந்துவிட்டது. வெயில் சாய்ந்தால் அன்றைய வேலை அத்தனையும் வீண் என்று வெள்ளைக்கார அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டார். உதவி இயக்குநர் பெண் என்னிடம் வந்து, "அங்கிள், உங்க ஆளுங்கதானே, நீங்கதான் பேசணும்" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நாற்பது பேரையும் கூட்டி வந்தவன் நான், நாளைக்கு யார் என் பஸ்ஸைக் கூப்பிடுவார்கள்? எல்லார் முன்னாலும் மாமியாரிடம் போய் நின்று கத்தினேன். "அத்தை, போதும் உங்க சாஸ்திரம்! பெத்த பிள்ளை கடல் தாண்டிப் போகுது. எந்தத் தாய் கூப்பிடாம நிப்பா? அப்படி வாயை மூடிக்கிட்டு நின்னா அவ தாயே இல்ல!"

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. மாமியார் என்னைப் பார்க்கக்கூட இல்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, படகுத்துறையைக் கடந்து, நேராகப் பஸ்ஸில் ஏறி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உள்ள தன் வழக்கமான இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். நாற்பது பேர் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக அவர்களும் போய்ப் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். பஞ்ச காலத்துத் துறைமுகமே காலியாகிவிட்டது. பாதிக் கப்பலும் நானும் மட்டும் நின்றோம்.

அவமானம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மனைவி உடன் வராதது ஒன்றுதான் ஆறுதல். பஸ் படியில் ஏறி நின்றேன். "அத்தை" என்று தொடங்கினேன். அதற்குள் வெள்ளைக்கார அம்மாவும் உதவி இயக்குநர் பெண்ணும் வந்துவிட்டார்கள். வெள்ளைக்கார அம்மா கோபத்தோடு வந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் மாமியாரின் முகத்தைப் பார்த்ததும் எதிர் இருக்கையில் மெதுவாக உட்கார்ந்து, ஏன் கூப்பிடக் கூடாது என்று கேட்டார். அந்தப் பெண் தமிழில் சொன்னாள்.

மாமியார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினார். அந்தக் கதையை அத்தனை நீளத்துக்கு அவர் சொல்லி நாங்கள் யாரும் கேட்டதில்லை. "நானும் இப்படித்தான் ஏறினேன். என்னைக் குளிப்பாட்டி, பின்னல் போட்டு, துறைமுகம் வரைக்கும் எங்கம்மா நடந்தே கூட்டி வந்தாங்க. போறப்ப திரும்பிப் பாக்காத, திரும்பினா போற காரியம் விளங்காதுன்னு சொன்னாங்க. நான் திரும்பல. அவங்களும் கூப்பிடல. கூப்பிட்டா எனக்கு ஆகாதுன்னுதான் கூப்பிடல. இப்பப் படத்துல அந்தப் பொம்பள கத்துறா, ஊரே அழணுமாம். அப்ப எங்கம்மா யாரு? கத்தாம நின்னாங்களே, அவங்களுக்கு என்ன, பிள்ளை மேல ஆசை இல்லையா?"

உதவி இயக்குநர் பெண் பாதியில் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மீதியை என் ஓட்டை ஆங்கிலத்தில் நான் சொன்னேன். வெள்ளைக்கார அம்மா, உங்கள் அம்மா எப்படி நின்றார் என்று காட்ட முடியுமா, நடிகையை அப்படியே நிற்கச் சொல்கிறேன் என்றார்.

"எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் திரும்பிப் பாக்கலையே" என்றார் மாமியார்.

எழுபது வயதைத் தாண்டிய மனுஷி. அறுபத்தைந்து வருடமாக அவர் சுமந்தது இதுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பின்னால் அம்மா அழுதுகொண்டு நின்றாரா, அல்லது பாரம் விட்டது என்று வீட்டுக்கு நடந்துவிட்டாரா என்று அவருக்குத் தெரியாது. தெரியாத அந்த இடத்தை ஒரு சாஸ்திரத்தை வைத்து அடைத்து வைத்திருந்தார். நான் போய் அதன் மேல் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டேன். எனக்குத் தாங்கவில்லை. "மன்னிச்சிருங்க அத்தை" என்றேன். நாற்பது பேர் முன்னால் மாப்பிள்ளை மன்னிப்புக் கேட்டதில் அவருக்குத்தான் கூச்சமாகப் போய்விட்டது. "சரி சரி, தள்ளி நில்லுங்க, படியை மறைக்காதீங்க" என்றார்.

வெள்ளைக்கார அம்மாவுக்கு என்ன தோன்றியதோ, நீங்களே தாய் இடத்தில் நின்று பாருங்கள், முதுகைத்தான் எடுக்கப் போகிறோம் என்றார். நடிகையின் சேலையையும் ரவிக்கையையும் மாமியாருக்கு உடுத்தினார்கள். உயரம் ஒன்றுதான், சுற்றளவில் கொஞ்சம் வித்தியாசம், அதை ஊசி குத்திச் சமாளித்தார்கள். கூட்டம் மறுபடி இறங்கி வந்து நின்றது. யாரும் கூப்பிடப் போவதில்லை என்று தெரிந்ததும் எல்லாருக்கும் நிம்மதி. சொல்லிக் கொடுக்காமலே ஒழுங்காக நின்றார்கள். மாமியார் சிறுமியின் பின்னலைச் சரி செய்து, காதில் என்னவோ சொன்னார். பிறகு தன் இடத்துக்கு வந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சிறுமி நடந்தாள். பெட்டி அவள் முழங்காலில் இடித்துக்கொண்டே போனது. பத்தடி, பதினைந்தடி. முழங்கை நடுங்கத் தொடங்கியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. படத்தில் நான்கு வினாடி. சிறுமி பாலத்தில் கால் வைத்ததும் மாமியாரின் கை வாயிலிருந்து விழுந்துவிட்டது.

"ஏ புள்ள!"

பினாங்கு மலை வரைக்கும் கேட்டிருக்கும். சிறுமி டக்கென்று திரும்பினாள். யாரும் சொல்லாமலே விறுவிறுவென்று நடந்து வந்து, பெட்டியைக் கீழே வைத்து, அதன் மேல் உட்கார்ந்து, தண்ணீருக்குக் கையை நீட்டினாள். முதலில் பின்வரிசை சிரித்தது. பிறகு காமிராக்காரர், நடிகை, ஒப்பனைக்காரர்கள், வெள்ளைக்கார அம்மா உட்பட எல்லாரும் சிரித்தார்கள். காலையிலிருந்து சட்டம் பேசியவரே சட்டத்தை உடைத்துவிட்டார் என்று பஜனைக் குழுவுக்கு ஒரே கொண்டாட்டம்.

மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. நான் பாட்டிலோடு ஓடினேன். அவர் அதை வாங்கிச் சிறுமிக்குக் கொடுத்தார், அவள் குடித்து முடிக்கும்வரை தலையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டார். மாமியார் மாப்பிள்ளையைத் தொடுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. அதுதான் முதல் தடவை. அவர் அழுது நான் பார்த்ததும் அதுதான் முதல் தடவை.

"முடியல மாப்பிள்ள. யாரோ பெத்த பிள்ளை, பலகைக் கப்பல், எல்லாம் தெரியும். ஆனாலும் முடியல. எங்கம்மா எப்படித்தான் வாயை மூடிக்கிட்டு நின்னாங்களோ."

அன்று திரும்பி வரும்போது பாலத்தில் ஒரே நெரிசல். பின்னால் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். மாமியார் மட்டும் விழித்திருந்து, எனக்குப் பின்னாலிருந்து அவர் அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். அம்மாவுக்கு இடது காது கொஞ்சம் மந்தம் என்றார். நெல் குத்தும்போது பாடுவாராம், ராகம் சேராதாம். பெரிய கோபக்காரியாம். அத்தனை வருடம் ஒரே வரியில் சொன்ன மனுஷி, பாலத்தைத் தாண்டி, எங்கள் ஊருக்கு முந்தின ஜாவி வரும்வரை நிறுத்தவில்லை. நானும் வழக்கம்போல ரேடியோவைப் போடவில்லை.

படம் இங்கே திரைக்கு வந்தபோது மூன்று வரிசை டிக்கெட் எடுத்துக் குடும்பத்தோடு போனோம். அலறல் காட்சியை வெட்டிவிட்டார்கள். வாய் பொத்திய முதுகுதான் இருந்தது. என் மனைவி இருட்டில் "அம்மா! அம்மா முதுகு!" என்று கத்திவிட்டாள், முன்வரிசைச் சீனக் குடும்பம் திரும்பி முறைத்தது. மாமியார் பாப்கார்னைக் கீழே வைத்துவிட்டு, "அந்த ஊசி இன்னும் குத்துது" என்று மட்டும் சொன்னார்.

அதற்கு அடுத்த வருடம் என் மகளுக்கு மெல்பர்னில் ஒரு மருத்துவமனையில் தாதி வேலை கிடைத்தது. அவளை யாரும் ஏமாற்றி அனுப்பவில்லை; அவளே விண்ணப்பித்து, அவளே டிக்கெட் போட்டு, எங்களிடம் கடைசியாகச் சொன்னாள். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கு என் பஸ்ஸிலேயே பதினெட்டுப் பேர் போய் இறங்கினோம். எல்லாரும் மாமியாரை மனதில் வைத்து வாயைக் கட்டிக்கொண்டு நின்றோம். மகள் எல்லாரையும் கும்பிட்டுவிட்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு, பாதுகாப்புச் சோதனைக் கதவை நோக்கி நடந்தாள். மனைவி தன் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது மாமியார் கூப்பிட்டார். செல்லப் பேரைச் சொல்லி, படகுத்துறையில் கூப்பிட்ட அதே குரலில். விமான நிலையமே திரும்பிப் பார்த்தது. காவலர்கூட எழுந்து நின்றுவிட்டார். மகள் பயந்துபோய்ப் பெட்டியை விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"என்ன பாட்டி? என்ன ஆச்சு? பின்னால கூப்பிடலாமா? இப்ப நான் உக்காந்து தண்ணி குடிக்கணுமா, பிளேன் போயிடும் பாட்டி!"

"தண்ணியும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்றார் மாமியார். அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "என்னைப் பாத்தியா? உங்கம்மாவைப் பாத்தியா? நாங்க அழுறதைப் பாத்துட்டல்ல? அது போதும். இப்பப் போ."

மகள் போனாள். கதவுக்குள் மறையும்வரை ஐந்து தடவை திரும்பிப் பார்த்தாள். மாமியார் ஐந்து தடவையும் கையை ஆட்டினார்.